நேற்றுப் பதினொரு மணிக்குச் சொன்னது

செங்காட்டுப்புதூரில் சத்தம் ஒரு நாள் பிந்தி வர ஆரம்பித்தது ஓர் ஆனி மாதத்துப் புதன்கிழமை காலையில் என்பதில் ஊருக்குள் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நானூறு விசைத்தறிகளின் டடக்கு டடக்கும் ஒரேயடியாக அடங்கிப்போக, தறிக் குடோனில் இருந்த அத்தனை பேரும் கரண்டு போய்விட்டது, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று வேட்டியை உதறிக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்துவிட்டார்கள். வந்து நின்று பார்த்தால் உள்ளே விளக்கு எரிகிறது, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது, தறி பாட்டுக்கு ஓடுகிறது, ஆளில்லாமல் அறுந்த நூலோடு நெய்து துணியைப் பாழாக்கிக்கொண்டும் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. மறுநாள் காலை அதே நேரத்துக்கு, "கரண்டு போச்சா" என்று முந்தின நாள் கத்தியவர்களின் குரலெல்லாம் அவரவர் நின்று கத்திய இடத்திலிருந்தே எழுந்து வந்தன. இப்படியாக, சத்தம் எங்கே பிறந்ததோ அங்கேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் அதே மணிக்கு எழுந்து வருவது அந்த ஊர் வழக்கமாகிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். செங்காட்டுப்புதூர் தறிக்கார ஊர். நினைவு தெரிந்த நாளிலிருந்து தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்தே பேசிப் பழகியவர்கள், உதடு அசைவதை வைத்து நாலு தறி தள்ளி நிற்கிறவள் நாத்தனாரைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடித்து, அதை நாத்தனாரிடம் உதட்டாலேயே சேர்த்தும் விடுகிறவர்கள், அவர்களுக்குச் சத்தம் இருந்தால் என்ன, நாளைக்கு வந்தால்தான் என்ன? மூன்றே நாளில் ஊர் பழையபடி நடக்க ஆரம்பித்தது, பேச்சு குறையவே இல்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் சென்னிமலை வாத்தியாருக்கு மட்டும் இதில் ஒரு தனிப் பெருமை. மின்னல் முதலில் தெரியும், இடி பின்னால் கேட்கும், ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று இருபது வருஷமாகத் தான் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஊர் இப்போது கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறது என்றார். ஒலி பரவ ஊடகம் வேண்டும், நம்ம ஊர்க் காற்றில் காற்றை விடப் பஞ்சுத் தூசிதான் அதிகம், அதில் சிக்கிக்கொண்டு நேரமாகிறது என்பது அவர் கட்சி. ஊர் அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, மேகமே இல்லாத வெட்ட வெயிலில் முந்தின நாள் இடி இடிக்கிறபோது மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று காயப்போட்ட துணியை எடுத்து வைத்துக்கொண்டது. ஜில்லாவிலிருந்து நாலு பேர் பெட்டி பெட்டியாகக் கருவியோடு வந்து இரண்டு மணி நேரம் விசாரித்துவிட்டுப் போனார்கள், அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது, கூடவே இவர்கள் சொன்ன பதிலும் வந்தது, கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். அழுவது கேட்காதே என்று, தாய்மார்கள் பிள்ளையின் காலில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்கள், நூலுக்கா அந்த ஊரில் பஞ்சம், ஆனால் மறுநாள் காலித் தொட்டில் வீரிட்டு அழும்போது, இது நேற்று அழுதது என்று தெரிந்தேதான் ஒவ்வொருத்தியும் எழுந்து ஓடினாள். பூசாரி மந்திரத்தை முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். யாராவது இறந்துபோனால் மறுநாள் அதே நேரத்துக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கடைசிப் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்திருப்பது ஒரு சடங்காகவே ஆயிற்று. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் சத்தம் உடனுக்குடன் கேட்டது என்பதால், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை முளைத்தது, அவசரமாகச் சண்டை போட வேண்டியவர்களெல்லாம் அங்கே போய்ப் போட்டார்கள்.

இதில் எல்லாவற்றையும் விட நாகரிகமானது ஒன்று உண்டு. ஒருத்தன் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை விட்டுவிட்டான் என்று வையுங்கள், உதடு தெரியாததால் எதிராளிக்குப் புரியவில்லை, ஆனால் நாளை அதே மணிக்கு அதே இடத்தில் அது வந்தே தீரும். அதற்குள் கோபம் ஆறி அவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போது அக்கம்பக்கத்தில் யாரிடமாவது போய்ச் சொன்னால் போதும், அவர்கள் அந்த நேரத்துக்கு வந்து, மஞ்சள் இடிக்க ஆள் வேண்டும், முறுக்குப் பிழிய ஆள் வேண்டும் என்று ஏதாவது ஒரு சாக்கில் கேட்க வேண்டியவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கூப்பிடப்படுகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி எழுந்து போவதுதான் மரியாதை. அப்படிப் போகாமல் உட்கார்ந்து கேட்டவள் அதுவரை ஒரே ஒருத்திதான், ராக்கியப்பன் பெண்டாட்டி, அவள் கேட்டு முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு பவானிக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

இப்போது மைக் செட் வீரணனிடம் வருவோம். செங்காட்டுப்புதூரிலேயே உதடு படிக்கத் தெரியாத ஒரே ஆள் அவன்தான், ஏனென்றால் அவன் அந்த ஊர்க்காரனே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவன், கோயில் முன்னால் நட்டிருந்த சவுக்கு மரத்தின் உச்சியில் ஏறிக் குழாய் ரேடியோவைக் கட்டிக்கொண்டே, விடிந்ததிலிருந்து ஒரு வாய் சோறு போட நாதியில்லை, இந்த ஊருக்குப் பாட்டு ஒன்றுதான் கேடு என்று தனக்குத்தானே முணுமுணுத்திருக்கிறான். ஷிப்ட் முடிந்து கீழே போய்க்கொண்டிருந்த சம்பூர்ணம் அண்ணாந்து அதைப் படித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் ஒரு தூக்குப்போசியில் ரசஞ்சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றாள். இறங்கியவன் நான் பசியாக இருப்பதாக யார் சொன்னது என்று கேட்டதற்கு, நீங்கள்தான் சொன்னீர்கள் என்றாள். வீரணன் முதலில் பயந்துபோனான், சோற்றைத் தின்றான், பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

பெண்டாட்டிக்குத் தெரியாமல் முணுமுணுக்கக்கூட முடியாத குடும்ப வாழ்க்கை அவனுடையது. நாளாவட்டத்தில் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான், திட்ட வேண்டும் போலிருந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வது. அவனுக்கு உதடு படிக்க வராததால் சம்பூர்ணம் அவனிடம் தறிக்காரர் கைச்சாடையில் பேசுவாள், சாடைக்கு எட்டாததை அடுப்படிக் கதவில் தொங்கும் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். அவனுக்குக் காதுதான் எல்லாம், காதை வைத்துப் பிழைக்கிறவன் கண்ணால் பேச்சைக் கேட்கப் பழகுவானா?

சத்தம் பிந்தியபோது தன் பிழைப்பு போச்சு என்று இரண்டு நாள் படுத்தே கிடந்தான். மூன்றாம் நாள் அவனுக்கே புத்தி வந்தது. நாளைக்குக் கல்யாணம் என்றால் இன்றைக்கே போய்ப் பாட்டுப் போட்டுவிட வேண்டியதுதானே. அன்றிலிருந்து ஆளில்லாத பந்தலில் தனியாக உட்கார்ந்து, தன் காதுக்கே கேட்காத நாதஸ்வரத்தை, ஆம்ப்ளிஃபயரின் பச்சை விளக்கு துள்ளுவதை மட்டும் பார்த்துக்கொண்டு, முகூர்த்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் வரை பிசகாமல் போட்டுவிட்டு வருவான். மறுநாள் தாலி ஏறும் அந்த நொடிக்குக் கெட்டிமேளம் வந்து விழும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான்.

பங்குனியில் வந்தது வினை. சம்பூர்ணத்தின் பெரியப்பா நாச்சிமுத்து வீட்டில் திங்கட்கிழமை பேத்தி கல்யாணம், ஞாயிறு காலையிலேயே வீரணன் போய் எல்லாப் பாட்டையும் போட்டு முடித்துவிட்டான், சாயங்காலம் பெரியப்பா ஈசி சேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் நின்றது. திங்கட்கிழமை காலையில் பிணத்தைச் சுற்றிப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ, கூரை முழுக்க நாதஸ்வரம் முழங்குகிறது, பின்னாலேயே ஜோடிப் பாட்டு, அப்புறம் சரியாகப் பாடையைத் தூக்குகிற நேரத்துக்குக் கெட்டிமேளம். கொடுத்து வைத்த மனுஷன், மாப்பிள்ளை மாதிரிப் போகிறார் என்று சிலர் சொன்னார்கள். பெரியம்மா அப்படி நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் ஈசி சேரைச் சுற்றி உட்கார்ந்து காத்திருக்க, பந்தலுக்கு வாழை மரம் கட்டியாச்சா என்று பெரியப்பாவின் கடைசிப் பேச்சு வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பூர்ணத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சம்பூர்ணம் மறுபடி துக்க வீட்டுக்குப் போனாள். முந்தின நாள் ஒப்பாரி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது, அத்தனை அழுகைக்கும் நடுவில் உறவுக்காரப் பெண்கள் உன் வீட்டுக்காரன் பண்ணின கூத்தைப் பார்த்தாயா என்று உதட்டாலேயே குத்தினார்கள். திரும்பும்போது மாரியம்மன் கோயில் வழியாக வந்தாள், அங்கே கொஞ்ச நேரம் நின்றாள், பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து நேராகச் சிலேட்டை எடுத்து, ஒரு நாள் பொறுத்துப் பாட்டுப் போட்டிருக்கக் கூடாதா என்று எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இது நியாயமா, சொல்லுங்கள்? சாகப்போகிறார் என்று அவனுக்கு முன்கூட்டியே சீட்டெழுதிக் கொடுத்தார்களா? செத்தவரை ஒருத்தரும் கேட்கவில்லை, எமனை ஒருத்தரும் கேட்கவில்லை, மைக் செட்காரனைக் கேட்கிறார்கள். இரண்டு நாளாகத் தெருவில் தலை காட்ட முடியாமல் இருந்தவனுக்குப் பெண்டாட்டியும் சேர்ந்துகொண்டதும் பொங்கிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினான், தொண்டை நரம்பு புடைக்க ஒரு சொல் சொன்னான். சொல்லி முடித்த கையோடு திரும்பிப் பார்த்தான், சம்பூர்ணம் கதவருகில் நின்றபடி அப்போதுதான் வாயை மூடினாள், கொட்டாவி விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அவள் சிலேட்டைக் கழுவிக் கதவில் மாட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவளுக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பதினொரு மணி வரை தெரியாது.

அந்தச் சொல் என்ன என்பதை நாளைக்கே கேட்டுக்கொள்ளலாம், அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அது அவர்களுடைய முதல் நாளையே வேரோடு பிடுங்கிப் போடுகிற சொல், அது அவனுக்கும் தெரியும். சம்பூர்ணம் போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். ராக்கியப்பன் வீட்டுக் கதவில் தொங்கும் பூட்டு கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

அவனிடம் ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, எட்டுக் குழாய் இருக்கிறது, ஆள் உயரப் பெட்டி நாலு இருக்கிறது, ஒரு தேர்த் திருவிழாவையே மூழ்கடிக்கிற சாமான் அத்தனையும் வைத்துக்கொண்டு தன் வாயிலிருந்து வந்த ஒற்றை வாக்கியத்தை அமுக்க முடியவில்லை. இன்றைக்குப் போடுகிற பாட்டு நாளைக்குத்தான் வரும், நாளைக்குப் பதினொரு மணிக்குப் போட்டால் நாளன்றைக்குத்தான் வரும், அமுக்க வேண்டுமென்றால் திட்டும்போதே பாட்டும் போட்டிருக்க வேண்டும், எவன் பாட்டுப் போட்டுக்கொண்டு பெண்டாட்டியைத் திட்டுகிறான்? கடைசியில் ஒரே நம்பிக்கை பக்கத்து வீடு. ஓடிப்போய்ப் பொன்னாத்தாளிடம், பதினொரு மணிக்கு மிக்ஸி ஓட்டினீர்களா அக்கா என்று கேட்டான். பொன்னாத்தாள் அவன் உதட்டைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பழைய சோறும் வெங்காயமும்தான் அன்றைக்கு, அரைக்கவே இல்லையாம். எதற்குக் கேட்கிறான் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, என்ன சொன்னாய் என்று மட்டும் மரியாதைக்குக் கேட்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் சுவருக்குச் சுவர் உதடு பாய்ந்து தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் சாடையும் இல்லை, சிலேட்டும் இல்லை. சம்பூர்ணம் சோற்றைப் போட்டு மூடி வைத்தாள், வீரணனுக்கு இறங்கவில்லை, அப்படியே இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம் என்று கையால் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தான், அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டப் போய்விட்டாள்.

புதன்கிழமை விடிந்தது. மறுநாள் வியாழக்கிழமை மாரியம்மன் நோம்பி, நோம்பிப் பாட்டை இன்றைக்கே போட்டாக வேண்டும். சனிக்கிழமையே மரத்தின் உச்சியில் இரண்டு குழாயைக் கட்டி வைத்திருந்தான், பத்தரைக்கு ஏறி ஒயரை முடுக்கிவிட்டுப் பதினொன்றுக்குத் தொடங்க வேண்டும் என்று கணக்கு. ஏறுகிற கயிற்றைத் தேடினால் கயிறு இல்லை. ஒயர் முறுக்கும் கொறடும் இல்லை. பெட்டியடி, பரண், கட்டிலடி என்று வியர்க்க வியர்க்கத் தேடிவிட்டுத் திரும்பினால் சிலேட்டில் ஒரு வரி எழுதியிருந்தது.

பதினொரு மணிக்கு வூட்டுல இருங்க.

தெரு தன்னால் ஆனதைச் செய்தது என்பதை மறைக்கக் கூடாது. பத்தே முக்காலுக்குப் பொன்னாத்தாள் வந்து மஞ்சள் இடிக்கக் கூப்பிட்டாள், சம்பூர்ணம் இன்றைக்கு முடியாது அக்கா என்று உதட்டால் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டு வள்ளியாத்தாள் முறுக்குக்குக் கூப்பிட்டாள். பத்து ஐம்பத்தைந்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பெண்டாட்டியே, புதுச் சேலைக்கு முந்தி எது என்று பார்த்துச் சொல் என்று சேலையோடு வந்து நின்றாள், தறிக்கார ஊரில் முந்தி எது என்று தெரியாத ஒருத்தி. சம்பூர்ணம் அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுக் கட்டிலில் வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். மூன்று பேரும் தெருவில் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இனி மாரியாத்தாள் விட்ட வழி என்று பொன்னாத்தாள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஓடிவிடலாம் என்றுதான் வீரணனுக்கு முதலில் தோன்றியது. சொன்னவன் இல்லாத வீட்டில் அந்தச் சொல் மட்டும் போய் அவளுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தான், அது இன்னும் கேவலமாக இருந்தது. உள்ளே போய்க் கட்டிலின் மறுகோடியில், அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான்.

முதலில் முந்தின நாளின் வாசற்கதவு திறக்கும் சத்தம் வந்தது. சிலேட்டில் பலப்பம் கீச்சிட்டது. யாரோ நிலத்தில் காலை ஓங்கி வைத்தார்கள். பிறகு சுவர்ப் பக்கத்திலிருந்து அவன் குரலே, அவனுக்கே அசிங்கமாக, உச்சத்தில் எழுந்தது.

"உன்னக் கட்டிக்கிட்டு இந்த ஊர்ல கெடந்து சீரழியுறதுக்கு, அன்னைக்கே அந்த மரத்துல இருந்து விழுந்து செத்திருக்கலாம்டீ."

அது முடிவதற்குள்ளேயே, அதன் மேலேயே, கதவுப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. அவன் ஒன்பது வருஷம் கேட்ட குரல், சாவகாசமாக, காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி.

"ஏனுங்க, நாளைக்கு அந்தக் கோயல் மரத்துல ஏறாதீங்க. அடியெல்லாம் செல்லரிச்சுக் கெடக்குது, இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். நீங்க விழுந்துட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க?"

அதற்கப்புறம் சிலேட்டைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

முதுகைக் காட்டி நின்றவனிடம் வாயால் சொன்னதைச் சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கலாமே, உயிர் போகிற விஷயமாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரில் இதைக் கேட்டால், கோபத்தில் இருக்கிற பெண்டாட்டி ஒரு தடவை சொன்னதை எழுதி வேறு காட்டுவாளா என்று திருப்பிக் கேட்கிறார்கள். சொன்னது சொன்னதுதான், காது இருந்தால் நாளைக்குப் பதினொரு மணிக்குக் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள், அதற்கு முன்னால் ஏறிவிடக் கூடாதே என்று கயிற்றையும் கொறடையும் மட்டும் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். தான் பேசும்போதே சுவர்ப் பக்கம் அவனும் பேசினான் என்று அவளுக்கு எப்போது தெரியும்? பொன்னாத்தாள் மஞ்சள் என்று வந்து நின்றபோதுதான் தெரியும்.

வீரணன் தலையைத் தூக்கவில்லை. அவள் எழுந்திருப்பது தெரிந்தது. பெட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். தோளில் ஒரு விரல் தட்டியது, பார்த்தால் அவள் முன்னால் நின்று ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டு போனாள். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். அவ்வளவு பெரிய குடோன் இரைச்சலில் அவள் முதல் முதலில் கற்றுக்கொண்ட சாடையும் அதுதான். நேற்று காலையிலிருந்து சாப்பிடாதவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றினாள், அவன் குனிந்துகொண்டே தின்றான்.

அவன் தின்றுகொண்டிருந்தபோது, சுமார் பதினொன்று இருபதுக்கு, தெருவில் ஆட்கள் கோயில் பக்கம் ஓடினார்கள். சத்தமில்லாததால் அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பொன்னாத்தாள்தான் உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோயில் முன்னால் சவுக்கு மரம் அடியோடு முறிந்து குறுக்கே கிடந்தது, முறிந்த இடம் பொரியாக உதிர்ந்திருந்தது, இரண்டு குழாயும் நசுங்கிப்போயிருந்தன, பஞ்சாயத்துத் தலைவரின் ஸ்கூட்டர் சீட்டு இரண்டாகியிருந்தது. ஏறுவதற்கு யாரும் இல்லாத மரம் சின்னக் காற்றுக்கு விழுந்திருக்கிறது. வீரணன் அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றான், நின்ற இடத்திலிருந்து மரத்தின் நுனி எங்கே போய் மோதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தான்.

நோம்பிக்கு ஒரு பாட்டும் இல்லாமல் போயிற்று. ஆனால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பொங்கல் வைக்க வேண்டிய பெண்களில் பாதிப்பேர் மோர் கேட்டும், தீப்பெட்டி கேட்டும், ஒருத்தி வெறுங்கையோடும் தற்செயலாக வீரணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். புருஷன் திரும்ப என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளாமல் அம்மனையே கும்பிட முடியாது போலிருந்தது அவர்களுக்கு. சம்பூர்ணம் கரண்டியோடு நின்று எல்லோரையும் பார்த்தாள். வீரணன் மூலையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வந்தது. தட்டு வைக்கும் சத்தம். ஒரு ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சோறு தின்னும் சத்தம், இடையிடையே அடக்க முடியாமல் வந்த விசும்பல். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா" என்று சம்பூர்ணம். மறுபடி விசும்பல். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இதோ காலில் விழப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, வெகுநேரம் கழித்து வீரணனின் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"ஊறுகா இருக்கா?"

சிரிப்பு பொத்துக்கொண்டது. ஆயிரம் வாட்ஸ் ஆசாமி கடைசியில் ஊறுகாய்தான் கேட்டானா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊமைச் சிரிப்பாகச் சிரித்தார்கள், சம்பூர்ணமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரத்தில்தான் கோயில் பக்கத்திலிருந்து மடார் என்று ஒரு சத்தம் வந்தது.

நேற்று முறிந்த மரம். ஓடு அதிர்ந்தது, காக்கைகள் எழும்பின. வெள்ளிக்கிழமை வரப்போகிற சிரிப்பு ஒவ்வொருத்தர் முகத்திலும் பாதியில் நின்றது, மரம் விழுந்து கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தாலும் அது எவ்வளவு உயரத்திலிருந்து, என்ன வேகத்தில் விழுந்தது என்பது இப்போதுதான் அவர்களுக்குக் கேட்டது. சம்பூர்ணத்தின் கையிலிருந்த கரண்டி சத்தமில்லாமல் விழுந்தது. அந்தச் சொல் வந்தபோது கண் கலங்காதவள், பெட்டியைத் தொடாதவள், இந்தச் சத்தத்துக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து உடம்பு குலுங்க அழுதாள்.

வீரணன் ஒயரைப் போட்டுவிட்டு வந்து அவளுக்கு எதிரே மண்டி போட்டான். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தைத் தன் பக்கம் தூக்கி, அவள் கண் தன் உதட்டுக்கு வரும் வரைக்கும் பொறுத்திருந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, அவளிடம் சொல்ல ஆரம்பித்தான்.

அப்போது செங்காட்டுப்புதூர்ப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு உதட்டையும் படிக்காமல் விடாதவர்கள், படித்ததை ஊருக்குச் சொல்லாமல் உண்ணாதவர்கள், ஒருத்தர் விடாமல் அத்தனை பேரும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பொன்னாத்தாள் மட்டும் நிற்கவில்லை. அவள் தன் வீட்டுக்கு ஓடி, வெறும் ஜாரை மாட்டி, மிக்ஸியை முழு வேகத்தில் திருப்பி, அரைக்க ஒன்றுமே இல்லாமல் கால் மணி நேரம் ஓடவிட்டாள்.

அதனால் வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்கு அந்தத் தெருவில் ஒரு மிக்ஸியின் இரைச்சல்தான் கேட்டது. வீரணன் என்ன சொன்னான் என்பது சம்பூர்ணத்துக்கு மட்டும் தெரியும், அவள் ஒரு நாள் முந்தியே படித்துவிட்டாள்.